தடுப்பூசி பற்றிய பொய்ச் செய்திகளைச் சமூக ஊடக வீடியோக்களால் எதிர்கொள்ள முடியுமா?

முயன்று பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முயன்று பார்த்தவள். முடியும் என்றே சொல்வேன். ஆனால் என் முதல் வீடியோ நன்மையை விடக் கெடுதலையே அதிகம் செய்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு உட்பட்ட நான்கு சிற்றூர்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால், என்ன விஷயம் என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். "சிஸ்டர், நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அவர் வேண்டாம் என்கிறார்." அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து படுத்தவர், யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்திருப்பார். பிள்ளை அங்கே, தான் இங்கே. பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

வாட்ஸ்அப்பின் வேகத்தை நான் முதலில் உணர்ந்தது 2017இல். அந்த ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் போட வேண்டும். பள்ளிகளில்தான் பெரும்பகுதி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனால், பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முந்தின இரவு ஒரு பெண்ணின் குரல் பதிவு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று அந்தக் குரல் அழுதது. எங்கள் கையில் இருந்தது துண்டுப் பிரசுரம். அதில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும் என்பதும் உண்மை. ஆனால் அழுகிற ஒரு குரலுக்கு முன்னால் அச்சடித்த காகிதம் நிற்கவில்லை. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் இதைப் பேசினால் நேர்மையாக இருக்காது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு சில காலம் ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அன்று அந்தச் செய்தியைக் கேட்ட தாய்மார்கள் பலர் இன்று மாமியார்கள். பேரப்பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று ஒரு பாட்டி சொன்னால், அதன் அடியில் அந்த நினைவு இருக்கலாம். அவரைப் பார்த்து "படிக்காதவர், வதந்தியை நம்புகிறார்" என்று சொல்லும் வீடியோ எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் எனக்குப் பயன்படாது.

2021 ஏப்ரலும் அப்படித்தான். நடிகர் விவேக் 15ஆம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்ததை மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அக்டோபரில் வெளியானது. வதந்திக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. விசாரணைக்கு ஆறு மாதம் தேவைப்பட்டது. அந்த ஆறு மாதமும் வீடு வீடாகப் போய்ப் பதில் சொன்னவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

அந்த ஆண்டுதான், மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்கி, என் முதல் வீடியோவை எடுத்தேன். "தடுப்பூசி போட்டால் மலட்டுத்தன்மை வரும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஆரம்பித்தேன். நடுவில் ஒரு குழந்தைக்கு ஊசி போடுவதையும், அது வீறிட்டு அழுவதையும் காட்டி, பிறகு ஒவ்வொன்றாக விளக்கினேன். நான்கு நிமிடம். இரண்டே நாளில் அதிலிருந்து அந்த அழுகையை மட்டும் யாரோ வெட்டியெடுத்து, வேறொரு குரலைச் சேர்த்துச் சுற்றவிட்டுவிட்டார்கள். அந்தத் தாய் என்னிடம் வந்து, "என் பிள்ளையை ஏன் சிஸ்டர் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டாள். அன்று முதல் எந்தக் குழந்தையின் முகத்தையும் நான் படம் எடுப்பதில்லை. வதந்தியை என் வாயால் முதல் வரியில் சொல்வதும் இல்லை. பலர் முதல் பத்து விநாடியோடு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் மனதில் தங்குவது அந்தப் பத்து விநாடிதான்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒரு வீடியோவில் ஒரே ஒரு கேள்வி. அதுவும் நானாக நினைத்துக்கொண்ட கேள்வி அல்ல, அந்த வாரம் யாராவது என்னிடம் நிஜமாகவே கேட்ட கேள்வி. மேமாதத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "இந்த வெயிலில் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, மருந்து கெட்டுப்போயிருக்காதா?" நியாயமான கேள்வி. அங்கன்வாடிப் பணியாளர் போனைப் பிடித்துக்கொள்ள, போலியோ சொட்டு மருந்துக் குப்பியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம். சூடு பட்டால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தைவிடச் சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து கொடுக்கலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ குப்பியைக் கொடுக்கக் கூடாது. எழுபது விநாடியில் வீடியோ முடிந்தது. வதந்தி என்ற சொல்லே அதில் இல்லை. அடுத்த புதன்கிழமை மூன்று பேர் "அந்தச் சதுரத்தைக் காட்டுங்கள் சிஸ்டர்" என்று குப்பியை வாங்கிப் பார்த்தார்கள். சோதித்துப் பார்க்கும் வழியை அவர்கள் கையிலேயே கொடுத்தால், என்னை நம்புங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஊசியை எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள் என்ற பேச்சுக்கும் இப்படித்தான் பதில் சொன்னேன். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சைக் கையில் பிடித்து, தண்டைப் பின்னால் இழுத்துக் காட்டினேன். அது வரவில்லை.

மிக அதிகமாகப் பலன் தந்தது காய்ச்சல் வீடியோ. ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் மூன்று ஊசியும் இரண்டு வகைச் சொட்டு மருந்தும் கொடுக்கிறோம். பாட்டிகள் அதிர்ந்துபோகிறார்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், பிள்ளை சிணுங்கும். இதை நாங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரவு பதினொரு மணிக்கு உடம்பு சுடும்போது வதந்தி நிஜமாகிவிடுகிறது. அதனால் முதலிலேயே சொல்கிறேன்: "இன்று இரவு காய்ச்சல் வரக்கூடும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். எடைக்கு ஏற்ற மருந்தை நான் தருகிறேன். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே என்னைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்." கெட்டதை மறைக்காமல் சொல்கிறவளின் பேச்சைத்தான் நல்லது சொல்லும்போதும் நம்புகிறார்கள்.

வரப்போவதை முன்பே சொல்லிவைக்கும் இந்த முறைக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வில்லியம் மெக்குவயர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சொன்னது: வலுக்குறைத்த கிருமியைக் கொடுத்து உடம்பைத் தயார்செய்வதுபோல, ஏமாற்றும் வாதத்தையும் வலுக்குறைத்து முன்கூட்டியே காட்டி மனதைத் தயார்செய்யலாம். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏமாற்று உத்திகளை விளக்கும் ஒன்றரை நிமிட வீடியோக்களை யூடியூப் விளம்பரமாகக் காட்டிச் சோதித்தார்கள். பார்த்தவர்கள் அந்த உத்திகளை அடையாளம் காணும் திறன் சராசரியாக 5 சதவீத அளவுக்கு உயர்ந்தது. இது சின்ன எண்தான். ஆனால் நான்கு ஊர் வைத்திருக்கும் எனக்கு, செவ்வாய் இரவு வரும் போன்களில் ஒன்று குறைந்தாலும் ஒரு குழந்தை கணக்கில் வருகிறது.

நேரமும் முக்கியம். நான் திங்கள் மாலை அனுப்புகிறேன். செவ்வாய் இரவு வதந்தி வரும்போது என் வீடியோ ஏற்கெனவே அந்தப் போனில் இருக்கும். பெரிய எழுத்தில் வரிகளையும் போடுகிறேன், ஏனென்றால் ஷிப்டில் இருக்கும் அப்பா சத்தம் வைத்துக் கேட்க முடியாது. அப்பாக்களுக்கென்று தனிக் குழுவே தொடங்கினோம். தாய்மார்கள் குழுவைவிட அதில்தான் கேள்விகள் அதிகம்.

புகழ்பெற்றவர்களை வைத்து எடுக்கும் பெரிய வீடியோக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை செய்தியைக் கொண்டுபோகும். ஆனால் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தால் அந்த நடிகரைத் திருப்பிக் கேட்க முடியாது. என் வீடியோவின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கன்வாடியில் இருப்பேன், வந்து கேளுங்கள்." வருகிறார்கள். சிலர் சண்டை போடவும் வருகிறார்கள். அதுவும் நல்லதே, நேரில் உட்கார்ந்து பேசிவிடலாம். வீடியோ பார்த்து மட்டும் மனம் மாறியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வீடியோ பார்த்துக் கேள்வியோடு வந்து, பேசியபின் மாறியவர்கள் நிறையப் பேர்.

போன வாரம் ஒரு பாட்டி தன் பேத்தியின் போனிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தார். பதினாறு மாதத்தில் மறுபடி ஏன் அதே தட்டம்மை ஊசி, முதலில் போட்டது வேலை செய்யவில்லையா என்று கேட்கிறார். இந்தத் திங்கட்கிழமை வீடியோ அவருக்காகத்தான். முதல் தவணையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி பிடித்துவிடுவதில்லை, விடுபட்டவர்களை இரண்டாம் தவணை பிடித்துக்கொள்கிறது என்பதை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாற்று நட்ட வயலில் ஒரு வாரம் கழித்து, பிடிக்காத இடங்களில் மறுநடவு செய்வார்களே, அந்த வயலின் வரப்பில் நின்று எடுக்கலாம் என்றிருக்கிறேன்.