ஆபீஸ் வைஃபையில் இன்ஸ்டாகிராமைத் தடுக்கலாமா?

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். ஆபீசில் முப்பது பேர். வேலை நேரம் ஃபேஸ்புக், ரீல்ஸ் என்று போகிறது. ரவுட்டரில் தளங்களின் பெயரைப் போட்டுத் தடுத்தும் திறக்கிறதே, ஏன்? தடுப்பது சரிதானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இணைப்பும் கணினியும் உங்களுடையவை, தாராளமாகத் தடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே பூட்டு வேண்டாம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், துணியின் நிறத்துக்கு ஒப்புதல் தரும் ஷேடு அப்ரூவல் படங்களைச் சாயம் போடும் டையிங்காரருக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார். அதை மூடினால் சொந்த போனில், சொந்த டேட்டாவில் அனுப்புவார். அவர் வேலையை விட்டுப் போகும்போது எந்த ஷேடுக்கு ஓகே சொன்னோம் என்ற ஆதாரமும் கூடவே போய்விடும். கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். நான்கு கணினிகள் வரை இணைக்கலாம். அது திறந்தே இருக்கட்டும்.

ரவுட்டர் தோற்றதற்குக் காரணம், பழைய மாடல்களில் தள முகவரியைப் பார்த்துத் தடுக்கும் யூஆர்எல் ஃபில்டர், மறையாக்கம் இல்லாத எச்டிடிபி முகவரிகளை மட்டுமே படிக்கும். இன்று இந்தத் தளங்கள் எல்லாமே மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ். அதனால் தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாகத் தடுக்க வேண்டும். தளங்களைப் பிரிவு வாரியாகத் தடுக்கும் சேவையான ஓபன்டிஎன்எஸ் தளத்தில் கணக்கு தொடங்கி, ஆபீஸ் இணைப்பின் ஐபி முகவரியை (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) பதிந்து, சமூக வலைத்தளம், வீடியோ ஆகிய பிரிவுகளை டிக் செய்யுங்கள். வாட்ஸ்அப்பை 'எப்போதும் அனுமதி' பட்டியலில் சேருங்கள். ரவுட்டரில் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் முகவரிகளாக 208.67.222.222, 208.67.220.220 இரண்டையும் கொடுங்கள்.

இதோடு விட்டால் ஒரே வாரத்தில் ஓட்டை விழும். கணினியில் வேறு டிஎன்எஸ் போட்டுக்கொள்வார்கள். ஆகவே இந்த இரண்டு முகவரிகளைத் தவிர மற்றவற்றுக்குப் போகும் 53, 853 போர்ட்களை, அதாவது டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழிகளை, ரவுட்டரில் மூடுங்கள். டிஎன்எஸ் கேள்வியை மறைத்து வேறு வழியில் அனுப்பும் 'செக்யூர் டிஎன்எஸ்' வசதியைக் குரோமில் அணையுங்கள். ரவுட்டரில் புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 ஓடினால் கணினிகள் அந்த வழியாக வேறு டிஎன்எஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும், அதையும் நிறுத்துங்கள். பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று: சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அங்கே இந்த ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யாது. உங்களுக்கு மட்டுமான, மாறாத ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவரின் கணினிக்கு மட்டும் நிலையான உள் ஐபியும் 8.8.8.8 டிஎன்எஸ்ஸும் கொடுத்து, போர்ட் தடையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

ஊழியர்களின் சொந்த மொபைல் டேட்டாவை இதில் எதுவும் தொடாது. ரீல்ஸைக் குறைப்பது ரவுட்டரின் வேலையல்ல, சூப்பர்வைசரின் வேலை. தொழிற்கூடத்தில் துணி வெட்டும் கட்டிங் மேசையில் மட்டும் போனுக்கே தடை வைப்பது நியாயம்; அங்கே கண் விலகினால் விரல் போகும். போனை லாக்கரில் வைக்கச் சொன்னால், வீட்டிலிருந்து அவசரத்துக்கு அழைக்க ஃப்ளோரில் ஒரு லேண்ட்லைனும், அதை எடுத்துப் பேச ஒரு பொறுப்பாளும் கட்டாயம் வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்கள் அந்த ஃப்ளோரில் வேலை செய்கிறார்கள்.

கேள்வி: ஆபீஸ் கணினியில் நான் திறந்த வாட்ஸ்அப் வெப் உரையாடலை மேலாளர் படிக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: எந்தத் தளம், எவ்வளவு நேரம் என்ற பதிவை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம், அதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். தனிப்பட்ட உரையாடலைத் திறந்து படிப்பது வேறு சங்கதி, அது தவறு. ருமேனியாவில் வாடிக்கையாளர்களுக்காகத் தொடங்கிய மெசஞ்சர் கணக்கில் சகோதரரோடும் நிச்சயித்த பெண்ணோடும் பேசிய பர்புலெஸ்கு என்ற பொறியாளரை 2007இல் வேலையைவிட்டு நீக்கினார்கள். கண்காணிப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்று அவருக்கு முன்பே சொல்லாதது முக்கியக் குறை என்று கண்டு, 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் உங்கள் ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியது அதுவே: எதைப் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். இன்றைக்கே போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் ஆபீஸ் கணினியை லாக் அவுட் செய்துவிடுங்கள்.

கேள்வி: மொபைல் சிக்னலை முடக்கும் ஜாமர் கருவியை ஆபீசில் வைத்தால் பிரச்சினை தீருமே?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. அரசின் தனி அனுமதி இல்லாமல் ஜாமர் வைப்பது சட்டவிரோதம். தீ விபத்தின்போது மொபைலில் 101ஐக்கூட யாராலும் அழைக்க முடியாது.