ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: 3000 சொல் மனப்பாடம் செய்தும் மூன்றாவது பத்தி முடிவதில்லை

சொல் பட்டியலை இன்றோடு மூடி வையுங்கள். 3000 சொல் தெரிந்தும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ரீடிங் (வாசிப்பு) பகுதியில் மூன்றாவது பத்தி (பாசேஜ்) பாதியில் நிற்கிறது என்றால், இன்னொரு 500 சேர்த்தாலும் அங்கேயேதான் நிற்கும்.

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று படித்திருப்பீர்கள் என நினைக்கிறேன். தேர்வு அப்படிக் கேட்பதில்லை. பத்தியில் 'டிக்ளைன்' என்று இருப்பது கேள்வியில் 'ட்ராப்' ஆகியிருக்கும். 'ரிலை ஆன்' என்பது 'டிபெண்ட் ஆன்' ஆகியிருக்கும். அதே சொல்லைத் தேடி மேலும் கீழும் அலைவதில்தான் நேரம் கரைகிறது.

ஒன்று செய்து பாருங்கள். பழைய மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளை மட்டும் கடிகாரமும் அகராதியும் இல்லாமல் மறுபடி போடுங்கள்.

1. பெரும்பாலும் சரியாக வந்தால் சிக்கல் வேகம்தான். பத்திக்கு 20 நிமிடம் என்று வைத்துப் பழகுங்கள்.
2. அப்போதும் தவறினால், விடை இருந்த வரியையும் கேள்வியையும் நோட்டில் அருகருகே எழுதுங்கள். தனிச் சொல்லாக வேண்டாம், முழு வரியாக. நாளுக்கு ஐந்து ஜோடி போதும்.

நோட்டு முறை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தேர்வு அடுத்த வாரமே என்றால் அதைத் தொடாதீர்கள், முதல் வழி மட்டும் போதும். விடைகளை எழுதும் நேரமும் ரீடிங்குக்கான மொத்த 60 நிமிடத்துக்குள்தான், அதையும் கணக்கில் வையுங்கள்.