வாசகர் கேள்வி: நாடகத்துக்கு எப்படி மார்க் போடுவது?

கேள்வி: எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட் நாடகம் நடத்தச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் தமிழாசிரியை. ஆண்டு விழா நாடகம் போட்ட பழக்கம் உண்டு. ஆனால் பாடமாக நடத்துவது எப்படி? மேடை என்றாலே கூசும் பிள்ளைக்கு என்ன மார்க் போடுவது?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: முதலில் ஆண்டு விழாவை மறந்துவிடுங்கள். அங்கே நன்றாகப் பேசுகிற நாலு பேருக்கு வேஷம், மீதிப் பேர் மரமாக நிற்பார்கள் அல்லது ஸ்கிரீன் இழுப்பார்கள். பாடம் என்றால் வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை வேண்டும். அதனால் ஸ்கிரிப்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போனால் அடுத்த நிமிஷமே மனப்பாடம் ஆரம்பித்துவிடும்.

பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, இல்லாத குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். இடுப்பில் நிறைகுடம் இருந்தால் உடம்பு மறுபக்கம் சாயும், காலிக் கை விலகி நிற்கும், நடை குறுகும். பாதி வழியில் ஒருத்தி எதிரே வந்து "என்னடி, இன்னைக்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்கட்டும். பதில் சொல்கிற வேகத்தில் பல பேர் இரண்டு கையையும் வீசிப் பேசுவார்கள், குடம் காற்றோடு போய்விடும். "குடம் எங்கடி?" என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே கத்துவார்கள். நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை. கூசுகிற பிள்ளையும் கூட்டத்தோடு கூட்டமாகக் குடம் தூக்கியிருக்கும், அதுதான் விஷயம்.

மார்க் விஷயத்தில் நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இலங்கைப் பள்ளிகளில் 'நாடகமும் அரங்கியலும்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரத்திலும், பிளஸ் டூ போன்ற உயர்தரத்திலும் அதைத் தமிழிலேயே எழுதலாம். அதற்குப் பின்னால் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்.

இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்விலும் நாடகம் உண்டு. அங்கே ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் கணக்கு எனக்குப் பிடித்தது: எழுத்துத் தேர்வுக்கு 40 சதவீதம், மாணவர்களே கூடி உருவாக்கும் நாடகத்துக்கு 40, ஏற்கெனவே எழுதப்பட்ட நாடகத்திலிருந்து ஒரு பகுதியை மேடையேற்ற 20. அந்த நடு 40ஐ 80 மார்க்காக வைத்துக்கொண்டு, அதில் 60ஐ நாடகம் எப்படி உருவானது, எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மாணவர் எழுதிவைக்கும் பதிவுக்கே தருகிறார்கள். மேடையில் செய்துகாட்டுவதற்கு வெறும் 20. அதிலும் நடித்தே ஆகவேண்டும் என்றில்லை. விளக்கு, ஒலி, உடை, அரங்க அமைப்பு என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கூச்சக்காரப் பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது அல்லவா? ஆளுக்கொரு நோட்டு வாங்கி, வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் விட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழைக்கு மட்டும் அதில் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள், தமிழாசிரியைக்குக் கை துறுதுறுக்கும், தெரியும்.

கேள்வி: கணக்கு, அறிவியலுக்கே நேரம் போதவில்லை, இதெல்லாம் எதற்கு?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: வாரத்துக்கு ஒரு பீரியட் சார். அதையும் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப்போகிறேன். நாடகம் படிக்க எங்கே போகலாம்?
– ஒரு மாணவன், விருத்தாசலம்

பதில்: தில்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர ஒரு பட்டமும் மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலுள்ள நிகழ்கலைப் பள்ளியில் முதுகலைப் படிப்பு இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. எதற்கும் இப்போதே ஏதாவதொரு பட்டப்படிப்பில் சேருங்கள், அந்த மூன்று வருஷமும் பக்கத்தில் இருக்கும் ஒரு குழுவில் போய் நடியுங்கள். வீட்டில் சமாதானம் சொல்வதும் சுலபம்.