படிகாரம் போட்டும் தெளியாத வாளி

கேள்வி: கண்மாய்த் தண்ணீரில் படிகாரத்தை நாலு சுற்று சுற்றினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. ஆனால் செம்மண் அப்பிய துணிகளைத் துவைத்த தண்ணீரில் எவ்வளவு படிகாரம் கரைத்தாலும் மறுநாளும் அதே கலங்கல். செடிகளுக்கு விடலாம் என்று பார்த்தேன். கடைக்காரர் போலிப் படிகாரம் கொடுத்துவிட்டாரா?
- ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். அதே கட்டிதானே கண்மாய்த் தண்ணீரைத் தெளிய வைத்தது!

களிமண் துகள் அவ்வளவு பொடி. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள், அசையாத தண்ணீரில் ஓர் அடி இறங்கவே ஏறத்தாழ நாலு நாள் ஆகும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் எல்லாவற்றின் மேலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினியம் நேர்மின்னோடு வந்து அந்தத் தள்ளலை அடக்குகிறது. துகள்கள் பஞ்சுபோலத் திரண்டு அடியில் உட்காருகின்றன.

சலவைத்தூளின் வேலையோ இதற்கு நேர் எதிர். துணியிலிருந்து அழுக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, கழன்ற அழுக்கு திரும்பவும் துணியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் தூளில் சேர்ப்பதுதான் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள். அதன் மூலக்கூறுக்கு எண்ணெய்ப்பசை உள்ள நீண்ட வால், எதிர்மின்னேறிய தலை. தகடு போன்ற களிமண் துகளின் ஓரங்களில் அலுமினியம் வெளியே தெரியும் இடங்களில் போய் ஒட்டி, இருக்கிற எதிர்மின்னை இன்னும் கூட்டிவிடும். நீங்கள் போட்ட படிகாரத்தையும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். போதாததற்குத் தூளில் சலவைச் சோடாவும் உண்டு. படிகாரம் நன்றாக வேலை செய்வது, தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு 6, 7 பக்கம் இருக்கும்போது. சோடா அதை எங்கேயோ மேலே கொண்டுபோய்விடுகிறது.

இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். கேரளத்தில் ஒரு சீனக்களிமண் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலம். ஒரு நாள் காலையில் திக்கனர் தொட்டியின் (களிமண்ணை அடியில் படியவைத்துத் தெளிந்த தண்ணீரை மேலே வழியவிடும் தொட்டி) விளிம்பில் தெளிந்த தண்ணீருக்குப் பதில் பால் வழிகிறது. திரட்டுவதற்காக விடும் பாலிமர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புது மூட்டை பிரித்தோம், ஜாடிகளில் கலக்கிப் பார்த்தோம். மாற்றமே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது: இரவு ஷிஃப்டில் யாரோ தரையைச் சலவைத்தூள் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் தள்ளியிருக்கிறார்கள். வாய்க்கால் நேராகத் தொட்டிக்குத்தான் போகும்.

அதற்காக எல்லா சர்ஃபாக்டன்ட்டும் கலக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். தலையில் நேர்மின் உள்ள வகையும் உண்டு. ஆய்வகத்தில் இருந்த சி.டி.ஏ.பி. என்ற பொருள் அந்த வகை. களிமண் கலங்கலில் அதைச் சில சொட்டு விட்டேன். தலை களிமண்ணில் ஒட்ட, வால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் பிடிக்காத வால்கள் ஒன்றையொன்று தேடிச் சேர, பீக்கர் கண்ணெதிரே தெளிந்தது. சரி, இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் தெளியும் என்று ஆசைப்பட்டு ஊற்றினேன். மறுபடி கலங்கிவிட்டது! முதல் அடுக்கின் மேல் இரண்டாவது அடுக்கு ஏறி, இப்போது தலைகள் வெளிப்பக்கம். எல்லாத் துகளும் நேர்மின்னாகி மறுபடி தள்ளத் தொடங்கிவிட்டன. “கைக்கு ஓர் அளவு வேண்டாமா?” என்று மூத்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி: அப்படியானால் துணி மென்மையாக ஊற்றும் திரவத்தை அதே வாளியில் கொஞ்சம் விட்டால் தெளியுமா? அது நேர்மின் வகை என்று படித்தேன்.
- அதே வாசகி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் அது களிமண்ணை எட்டுவதற்குள் வாளியில் மிச்சமிருக்கும் சலவைத்தூளோடு சேர்ந்து திரிதிரியாகிவிடும். இரண்டும் வீண். அதோடு, செடிக்குத் தெளிந்த தண்ணீர் எதற்கு? உங்கள் மண்தானே, மண்ணுக்கே போகட்டும். நான் பயப்படுவது தூளில் உள்ள சோடியத்துக்கு. வாளியில் நடந்ததே நிலத்திலும் நடக்கும்: களிமண் பிரிந்து, துளைகள் அடைபட்டு, மேல்மண் இறுகும். அதனால் முதல் சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள். கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும், அதுவும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி, வாழைக்கு ஊற்றுங்கள்.