கீமோ முடிந்தது, 7 கிலோ கூடிவிட்டது

கேள்வி: எனக்கு வயது 54. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓராண்டில் 7 கிலோ கூடிவிட்டது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. 6 என்று வந்திருக்கிறது. உடம்பில் அழற்சி, அதனால் பால், எண்ணெய், அரிசி எதுவும் கூடாது என்கிறார் நாத்தனார். மூன்று வாரமாகப் பழமும் கம்பங்கூழும்தான். சரிதானா?

பதில்: அழற்சி என்று உங்கள் நாத்தனார் சொன்னதில் தவறில்லை. அவர் சொன்ன வைத்தியம்தான் கோணல்.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. கொழுப்புச் செல்கள் மிதமிஞ்சிப் பருத்தால் சில செத்துப்போகும். அவற்றைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் கிரீடம் வைத்ததுபோல் சுற்றி நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அங்கிருந்து கசியும் அழற்சிப் பொருட்கள் அரோமட்டேஸ் என்ற நொதியைத் தூண்டிவிடும். மாதவிடாய் நின்றபின், உங்களுடையது போன்ற புற்றுநோய்க்குத் தீனி போடும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்பில்தான், இந்த நொதியால்தான் உருவாகிறது. லெட்ரோசோல் அடக்குவதும் இதையேதான்.

சி.ஆர்.பி. சளி பிடித்தாலும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும். அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிடத் தையல்காரரின் டேப் மேல். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 3,000-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினரைக் காய்கறி, பழம் நிறையச் சாப்பிட வைத்தார்கள். 2007-இல் முடிவு வந்தபோது நோய் திரும்புவது குறைந்திருக்கவில்லை. அவர்கள் எடையும் குறைந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூழும் பழமும் மட்டும் என்றால் கொழுப்போடு தசையும் கரையும். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும் மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு பாலையும் தயிரையும் நிறுத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வையுங்கள். கீமோ நாட்களில் 'உடம்பு தேறட்டும்' என்று வீட்டார் கொடுத்த வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி, பேரீச்சை, மாலை டீக்கு ரஸ்க் இன்னும் தொடர்கின்றனவா? என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு எடை ஏறிய வழி அதுதான். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்; குர்குமின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. தசைக்குச் சிறு பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும்; அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கியிருந்தால், முதலில் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். எடைக்குப் பயந்து லெட்ரோசோலை நிறுத்திவிடாதீர்கள். எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் எடுக்காவிட்டால், அடுத்த முறை போகும்போது புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.