டிரெசர் பதில்கள்: ஒரே வீட்ல ஒருத்தனுக்கு மட்டும் ஏன் இழுப்பு?

தோட்ட ஆஸ்பத்திரில மருந்து குடுத்த டிரெசர் நான். இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்சப் எல்லாத்துலயும் பாதி இழுப்பு, அதாவது ஆஸ்துமா பத்திதான். எல்லாமே நம்ம மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை சுத்துவட்டாரம். பெஸ்தாரி ஜெயான்னு போர்டு மாத்தி எத்தனையோ வருஷமாச்சு, நம்மாளுங்க வாயில இன்னும் பழைய பேருதான், நானும் அப்படியே எழுதுறேன்.

கேள்வி: டிரெசர் ஐயா, என் மூத்தவனுக்கு அஞ்சு வயசு, எட்டாம் மாசமே பொறந்தவன். ராத்திரி ஆனா நெஞ்சுல விசில் சத்தம். சின்னவளுக்கு ஒன்னுமே இல்ல. எனக்கும் சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சு. மாமியார், உன் ரத்தம்தான், அதோட ஐஸ் தண்ணி குடுத்துக் கெடுத்துட்டேன்னு தினமும் சொல்லிக் காட்டுறாங்க. போட்டோவும் அனுப்பியிருக்கேன். - ஒரு அம்மா

பதில்: ரத்தம்னு சொன்னதுல பாதி சரிம்மா. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு கூடும், ரெண்டு பேருக்கும் இருந்தா இன்னும் கூடும். ஆனா பரம்பரையா வர்றது பெரும்பாலும் சட்டுனு அலர்ஜி ஆகுற உடம்புதான், அதைத் தூண்டிவிட வெளியிலேர்ந்து ஏதாவது வேணும், அதனாலதான் உங்க வயித்துல பொறந்த ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் வந்திருக்கு. அவன் குறைமாசம், நுரையீரல் முழுசா வளர்றதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான். ஆம்பளப் பிள்ளை வேற, சின்ன வயசுல பசங்களுக்கு மூச்சுக்குழாய் ஒடுக்கம், அதனால இழுப்பு அதிகம். வயசுக்கு வந்த பிறகு அப்படியே திரும்பிடும், பெரியவங்கள்ல பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி, அதனால சின்னவளுக்கு வரவே வராதுன்னு இப்பவே முடிவு பண்ணிடாதீங்க. மூத்தவனுக்குக் கைக்குழந்தையா இருந்தப்போ தோல்ல அரிப்புக் கரப்பான் வந்துச்சா, காலையில தும்மல் போடுறானான்னு டாக்டர் கேட்பாரு, யோசிச்சு வச்சிக்குங்க. அஞ்சு வயசுக்குள்ள விசில் அடிக்கிற பிள்ளைங்க நிறைய பேருக்கு வளர வளர சரியாயிடும், அதுவும் உண்மை.

ஐஸ் தண்ணி குடிச்சு யாருக்கும் ஆஸ்துமா வராது, மாமியார்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. ஆனா உங்க போட்டோவைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பார்த்தேன். பையன் படுக்கிற மெத்தையிலேர்ந்து ஒரு முழம் தூரத்துல கொசுவத்திச் சுருள் எரியுது, ஜன்னல் சாத்தியிருக்கு, கதவுல மாட்டின சட்டைப் பாக்கெட்ல சிகரெட் பெட்டி. வீட்டுக்காரர் வெளியில நின்னுதான் பிடிக்கிறாருன்னு நீங்க சொல்வீங்க, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, ஆனா அந்தப் புகை சட்டையில, தலைமுடியில ஒட்டிக்கிட்டு திரும்ப உள்ளதான் வருது. வயித்துல இருக்கும்போதே சிகரெட் புகை பட்ட பிள்ளைக்கு இன்னும் மோசம். ஐஸ் தண்ணிய விடுங்க, முதல்ல சுருளையும் சிகரெட்டையும் பாருங்க. கொசுவலை கட்டுங்க. மெத்தை உறை, தலையணை உறையை வாரம் ஒருக்கா நல்ல சுடுதண்ணில துவைங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல தூசிப்பூச்சி கண்ணுக்கே தெரியாம பெருகும்.

கேள்வி: வயசு 38. தோட்ட வேலைய விட்டுட்டு கிள்ளான் பக்கம் ஒரு கையுறை பேக்டரில சேர்ந்து மூனு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு வருஷமா ஷிப்ட் முடிஞ்சு வந்தா இருமல், நெஞ்சு இறுக்கம். தீபாவளி லீவுல பத்து நாள் வீட்ல இருந்தேன், ஒன்னுமே இல்ல. குடும்பத்துல யாருக்கும் இழுப்பு கிடையாது. - ஈஜோக் வாசகர்

பதில்: தம்பி, அந்த லீவு விஷயத்தை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, முக்கியமானதே அதுதான். வேலைக்குப் போனா வர்றதும், வீட்ல இருந்தா அடங்குறதும்னா வேலையால வர்ற ஆஸ்துமாவான்னு கட்டாயம் பார்க்கணும். பெரியவங்களுக்கு வர்ற ஆஸ்துமால ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு, அதுக்கும் கொஞ்சம் மேலயே, வேலை இடத்துலேர்ந்து வர்றதுதான், குடும்பத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல. ரப்பர் பால்ல இருக்கிற புரதம் சிலருக்கு ஒத்துக்காது. பவுடர் போட்ட கையுறைன்னா அந்தப் புரதம் பவுடரோட சேர்ந்து காத்துல பறக்கும், அமெரிக்கால 2017ல பவுடர் போட்ட மருத்துவக் கையுறையையே தடை பண்ணிட்டாங்க. நைட்ரில் கையுறைல இந்தப் புரதம் இல்ல, ஆனா குளோரின் தண்ணில கழுவுற இடத்துல நின்னா அந்த நெடி வேற. நீங்க எந்த செக்‌ஷன்னு எழுதல. வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டா உதடு அரிக்குதான்னும் பாருங்க, ரப்பர் பால் ஒத்துக்காதவங்களுக்கு அதுவும் வரும்.

சேர்ந்த உடனே வராம ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சேன்னு குழம்பாதீங்க, இது அப்படித்தான், உடம்பு மெதுவாத்தான் பழகிப் பழகிப் பகையாகும். வாயில ஊதிப் பார்க்கிற சின்ன மீட்டர் இருக்கு, கிளினிக்ல கேளுங்க, வேலை நாள்லயும் லீவு நாள்லயும் ஊதி ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. அந்த நோட்டு பின்னாடி சொக்சோல, அதான் தொழிலாளர் காப்புறுதில, கேஸ் போடவும் உதவும். பல்லைக் கடிச்சிக்கிட்டு அதே இடத்துல இருக்காதீங்க, சீக்கிரம் இடம் மாறினவங்களுக்குத்தான் நல்லா குணமாகுது. மாவு மில், பேக்கரி, ஸ்பிரே பெயிண்ட், பலகைப் பட்டறை, கிளீனிங் வேலைல இருக்கிறவங்களும் இதைப் படிச்சுக்குங்க.

கேள்வி: எங்க காலத்துல தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாடியே மாட்டுக் கொட்டாய், சாணி, கோழி, எல்லாம். ஒருத்தனுக்கும் இழுப்பு இல்ல. இப்ப தாமான்ல, அதான் புது குடியிருப்புல, டைல்ஸ் வீட்ல இருக்கிற பேரன் இழுப்புக்கு வாயில பம்ப் அடிக்கிறான். என்ன காலம்யா இது? - பழைய தோட்டக்காரர்

பதில்: அண்ணே, ஒருத்தனுக்கும் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்தக் காலத்து இழுப்பு மருந்து எபிட்ரின் மாத்திரைய எண்ணி எண்ணிக் குடுத்தவன் நான். ஆனா மாட்டுக் கொட்டாய் விஷயத்துல நீங்க சொல்றதுக்கு ஆதாரமே இருக்கு. ஜெர்மனி, சுவிஸ் பக்கம் மாட்டுப் பண்ணைல வளர்ற பிள்ளைங்களுக்கு ஆஸ்துமா குறைவு. அமெரிக்கால ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாயக் கூட்டம், ரெண்டுமே ஐரோப்பாலேர்ந்து போனவங்க. ஆமிஷ் பிள்ளைங்க வீட்டுக்கிட்டயே மாடு கன்னோட புழங்குதுங்க, இன்னொரு கூட்டத்துல பெரிய மெஷின் பண்ணை. 2016ல வந்த ஆராய்ச்சில மெஷின் பண்ணை பிள்ளைங்களுக்கு நாலு மடங்கு ஆஸ்துமா. அதுக்காக ஏற்கெனவே இழுக்கிற பேரனைக் கொட்டாய்ல கட்டிப் போட்றாதீங்க, அந்தப் பாதுகாப்பெல்லாம் தாய் வயித்துலயும் பச்சைக் குழந்தையாவும் இருக்கும்போது கிடைக்கிறது. அப்புறம், 2005 ஆகஸ்ட்ல புகைமூட்டம் வந்து நம்ம கோல சிலாங்கூருக்கே அவசரநிலை போட்டாங்களே, அந்த மாதிரி காத்து உங்க காலத்துல ஏது?

கேள்வி: வயசு 46, எடை 92 கிலோ, இதுவரைக்கும் வராத இழுப்பு இப்ப வந்திருக்கு. - புக்கிட் ரோத்தான் அக்கா

பதில்: வரும் அக்கா. உடல் பருமனும் ஒரு காரணம், இந்த வயசுல பொம்பளைங்களுக்குக் கூடுதலாவே பார்க்கிறோம். எடை குறைஞ்சா மூச்சும் இலகுவாகும். ஆனா இருதயத்தையும் ஒருக்கா செக் பண்ணிடுங்க, எல்லா மூச்சிரைப்பும் ஆஸ்துமா இல்ல.

கேள்வி: வௌவால் கறி தின்னா இழுப்பு போகுமாமே? - பலர்

பதில்: போகாது. 1998-99ல நிப்பா வைரஸ் வந்து நம்ம நாட்டுல நூறு பேருக்கு மேல செத்தாங்க, அது பழந்தின்னி வௌவால்கிட்டேர்ந்து பன்னிக்கு வந்து மனுஷனுக்குத் தாவினது. வௌவாலுக்கு செலவு பண்ற காசுக்கு அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி கட்டினா டாக்டரும் பார்ப்பாரு, பம்பும் குடுப்பாங்க. குடுத்த பம்பை ரெண்டு நாள் நல்லாயிருக்குன்னு நிறுத்தாதீங்க.