15,000 ரூபாய் பிளாக்ஸ் செட்டுக்காக செல்வமகள் கணக்கை நிறுத்தலாமா?

கேள்வி: மகளுக்கு 4 வயது, மகனுக்கு 11 மாதம். கணவரின் சம்பளம் 46,000 ரூபாய். மகள் எது கையில் கிடைத்தாலும் அடுக்கிக்கொண்டே இருப்பாள். காந்தத் தகடுகளை ஒட்டி வீடு கட்டும் 100 பீஸ் வெளிநாட்டு செட் ஒன்று 15,000 ரூபாய்க்கு வருகிறது. ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யில் மாதம் 2,500 வீதம் 6 மாதம் கட்டலாம் என்கிறார்கள். அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி 3 வருடம் ஆகிறது, மாதம் 2,000 போடுகிறோம். அதை 6 மாதம் நிறுத்திவிட்டு இதை வாங்கலாமா? இதுவும் படிப்புச் செலவுதானே?
– வாசகி, நாமக்கல்

பதில்: பிளாக்ஸ் வாங்குங்கள், ஆனால் இந்த செட் வேண்டாம், இ.எம்.ஐ.யும் வேண்டாம். செல்வமகள் கணக்கில் கைவைக்கவே வேண்டாம்.

முதலில் அந்தக் கணக்கு. 6 மாதம் போடாமல் விட்டால் உள்ளே போகாத தொகை 12,000 ரூபாய். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிரும் என்பதால் உங்களுக்கு இன்னும் 18 ஆண்டு இருக்கிறது. வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 8.2 சதவீதம் அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், இந்த 12,000 அன்றைக்கு ஏறக்குறைய 50,000 ரூபாயாக நிற்கும். படிப்புச் செலவு என்று நீங்கள் சொல்வது இந்தப் பணத்துக்குத்தான் பொருந்தும்.

அடுத்து ‘நோ காஸ்ட்’. வங்கி வட்டி வாங்காமல் விடுவதில்லை. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால், உங்கள் 6 தவணைக்குள் சுமார் 676 ரூபாய் வட்டி இருக்கிறது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 122 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, விலைக்கு மேல் கையை விட்டுப் போவது 357 ரூபாய். பணம் கொடுத்து வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போகும். இது சின்னத் தொகைதான். ஆனால் ஒரு மாதம் கார்டு பாக்கி நின்றுவிட்டால், அதற்கு மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு சம்பள வீட்டில் அப்படி ஒரு மாதம் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

விலை ஏன் இவ்வளவு? இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு பொம்மைக்குப் போகவில்லை. ‘100 பீஸ்’ என்பதையும் எண்ணிப் பாருங்கள். சில பெட்டிகளில் படம் போட்ட அட்டைகள், சக்கரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது தவழும் வயதில் இருக்கும் உங்கள் மகன். தகட்டின் ஓரம் விரிந்தால் உள்ளே இருக்கும் காந்தம் வெளியே வந்துவிடும். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, குடலையே ஓட்டையாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தம்பிக்கு 3 வயது தாண்டும்வரை காந்த செட் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் மரக்கட்டைகள். தெரிந்த தச்சு ஆசாரியிடம் வேப்ப மரத்தில் செய்யச் சொல்லுங்கள். முழுக்கட்டை 140 மி.மீ. நீளம், 70 அகலம், 35 கனம். இதில் 20. பாதிக்கட்டை 70 மி.மீ. நீளத்தில் 12, இரட்டைக்கட்டை 280 மி.மீ. நீளத்தில் 8. மொத்தம் 40 கட்டை. கட்டைகளுக்கு மட்டும் அரை கன அடிக்குச் சற்று மேல் மரம் பிடிக்கும், சேதாரம் தனி. கூலியோடு 2,000 ரூபாய்க்குள் பேசி முடியுங்கள்.

இதில் எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. முழுக்கட்டையை நடுவில் அறுத்தால் இரண்டு பாதி வந்துவிடும் என்று ஆசாரி நினைப்பார். ரம்பம் தின்னும் 3 மி.மீ. போக, ஒவ்வொரு பாதியும் 70-க்கு பதில் 68.5-தான் இருக்கும். இரண்டு பாதியைச் சேர்த்து வைத்தாலும் ஒரு முழுக்கட்டைக்கு ஈடாகாது. ஒரு பக்கம் முழுக்கட்டையை நிறுத்தி, மறுபக்கம் இரண்டு பாதியை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேலே பாலம் போட்டால் அது சாய்ந்து நிற்கும். குழந்தை தன் கைதான் சரியில்லை என்று எண்ணிக்கொண்டு விட்டுவிடும். ஆகவே பாதிக்கட்டைகளைத் தனியாக 70 அளந்து அறுக்கச் சொல்லுங்கள். கனமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். விளிம்புகளை 120 எண் உப்புத்தாளிலும் பிறகு 220-லும் தேய்த்து மழுக்க வேண்டும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்தால் ஈரத்துணி பட்டே உப்பிவிடும். எல்லாம் சேர்ந்து 10 கிலோ அளவுக்கு வரும் என்பதால் அலமாரியில் ஏற்றாமல் தரையில் கூடையில் வையுங்கள். மகன் பெரியவனாகும்போது அவனுக்கும் இதே கட்டைகள்தான்.

மூன்று மாதம் கழித்து, மாதம் 700 வீதம் எடுத்துவைத்த பணத்தில் பெரிய அளவு பிளாஸ்டிக் பிளாக்ஸ் 60 பீஸ் வாங்கலாம். லெகோவின் டூப்லோ வகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு அளவும் சாதாரண லெகோ கட்டையைப் போல இரு மடங்கு, ஆனால் சாதாரண கட்டையும் அதன் மேல் பொருந்தும். அதனால் 5 வயதில் சின்னதுக்கு மாறினாலும் பழையது வீணாகாது. உள்நாட்டு பிராண்டே போதும், ஆனால் கடைசிவரை ஒரே பிராண்டில் நில்லுங்கள். இரண்டு பிராண்டு கலந்தால் பிடிப்பு தளர்ந்துவிடும், அல்லது கழற்ற வராமல் குழந்தை பல்லால் கடிக்கும். கடையில் திறந்து காட்டினால் பத்து பிளாக்கை அடுக்கி, உச்சியில் இருப்பதை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். கீழே இருப்பவை விழக்கூடாது.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9873 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தர எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். பக்கத்தில் உள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற கர்நாடகத்தின் சென்னபட்டணா மரப்பொம்மை போன்றவற்றுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு, அவற்றில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

எது வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சுற்றளவு 10 செ.மீ. வரும்படி அட்டையைக் குழலாகச் சுருட்டுங்கள். விட்டம் ஏறக்குறைய 3.2 செ.மீ. இருக்கும். அதற்குள் முழுதாக நுழையும் எந்தத் துண்டும் மகன் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையை அடைத்துவிடும்.

உறவினர் வீட்டில் பழைய பிளாக்ஸ் இருந்தால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்து, பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது.

கடைசியாக, செல்வமகள் கணக்கில் 2,000 ரூபாயை மாதம் 5-ம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடைக்காது.